பீப்பாவில் ஓடிய எஞ்சின்

ஒரு மனிதரின் புற்றுநோய்ச் சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போனதற்கு நான் காரணம். சுற்றி வளைக்க விரும்பவில்லை. இந்தப் பத்திரிகைப் பத்தியில்தான், இதே இடத்தில்தான், அந்தப் பிழையைச் செய்தேன்.

சென்ற ஆண்டு ஓர் ஆராய்ச்சி பற்றி எழுதியிருந்தேன். சிலருக்கு நினைவிருக்கலாம். நோயாளியின் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுக்கிறார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்களை ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கிறார்கள். அதே கட்டி, கடுகளவில், தட்டில் உருவாகிறது. மருந்துகளை முதலில் அதற்குக் கொடுத்துப் பார்க்கலாம். எது கட்டியை அழிக்கிறதோ, அதை நோயாளிக்கு...

விளங்கப்படுத்த ஓர் உதாரணம் தேடினேன். கிண்ணியாவில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர்கள், எஞ்சினை முதலில் தண்ணீர்ப் பீப்பாவில் ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாக ஓடினால்தான் வள்ளத்தில் பூட்டுவார்கள். அதை எழுதினேன். நன்றாகவே அமைந்தது – அதுதான் வினை.

கட்டுரையின் முடிவில் சில எச்சரிக்கை வரிகள் இருந்தன. அனுப்புமுன் அவற்றை வெட்டினேன். இடம் போதாமலா? இல்லை. ‘இனி சோதனை தட்டுக்கு, சுகம் உங்களுக்கு’ என்று முடித்தால் நறுக்கென்று இருக்கும் என்று பட்டது. உயர்தர வகுப்புக்குக் காலமெல்லாம் உயிரியல் படிப்பித்தவன் செய்த வேலை இது.

சில மாதங்கள் கழித்து, ஆஸ்பத்திரியில் பிரஷர் கிளினிக்குக்குக் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் என்னையே பார்த்தார்.

“பேப்பர்ல எழுதுற சேர்தானே?”

“ஓம், நான்தான்.” பத்தியின் மேலே இருக்கும் படத்தில் சிரிப்பதுபோலவே சிரித்தேன். நினைக்கவே கூசுகிறது.

“எங்கட மனிசன் உங்கட மருந்து எப்ப வரும் எண்டு கேட்டுட்டே இருக்கார்.”

“என்ன மருந்து?”

“அவருக்குக் குடல்ல கட்டி. ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்தாங்க, போகல்ல. ‘முதல்ல தட்டில வச்சுப் பாப்பாங்க, அது வரட்டும்’ எண்டுட்டார். மகள் அழுது பாத்துட்டா. அவர் எஞ்சின் வேலை செய்யிறவர், சேர். நீங்க பீப்பாவப் பத்தி எழுதினீங்க. அதுக்குப் பிறகு ஆருட கதையும் அவருக்கு ஏறல்ல.”

உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை.

அந்தப் பெண்ணிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, மறுநாள் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். அவருடைய கணவரின் பெயரைக் கபூர் என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில், பீப்பாவுக்குள் ஓர் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. சட்டை அவர் தோளில் நிற்காமல் தொங்கியது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து எஞ்சினை நிறுத்தினார்.

நேரே சொன்னேன். அந்த முறை இன்னும் ஆய்வுகூடத் தட்டிலும் எலிகளிலும்தான் பெரும்பாலும் நடக்கிறது. வெளிநாட்டில் சில ஆராய்ச்சிகளில் நோயாளிகளிடமும் முயன்று பார்க்கிறார்கள். இங்கே இல்லை. எழுதும்போதே எனக்கு இது தெரியும்.

“தெரிஞ்சுகொண்டா எழுதாம விட்டீங்க?”

“எழுதினனான். பிறகு வெட்டிப்போட்டன்.”

“ஏன்?”

“முடிவு நல்லா இருக்கோணும் எண்டு.”

அவர் கை துடைக்கும் துணியை மெல்ல மடித்தார். “அப்ப அத எலிகளுக்குத்தான் எழுதியிருக்கீங்க, சேர். நான் இடையில பூந்து வாசிச்சிட்டேன்.”

“நீங்க ஒண்டும் பகிடி விடத் தேவையில்ல,” என்று குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. எனக்குத் தேத்தண்ணீர் வரவில்லை. நியாயந்தானே?

“நாளைக்கே கிளினிக்குக்குப் போவம். நானும் வாறன்,” என்றேன்.

“நீங்க வந்து என்ன செய்ய?”

“டொக்டர் ஏசுவார். அது எனக்குச் சேர வேண்டியது.”

ஏசினார். என்னைத்தான். ஆனால் கட்டி பரவியிருந்தது. இப்போது வெட்ட ஏலாது, முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிப் பார்ப்போம் என்றார். முந்தியே வந்திருந்தால்? கேட்டுவிட்டேன். வைத்தியர் கபூரைப் பார்த்தார். அவர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது.

மருந்து ஏற்றும் நாட்களில் நானும் கூடப் போகிறேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலில் சாய்ந்து தூங்குவார். நான் பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் மனைவி இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கட்டி சுருங்குமா? யாருக்கும் தெரியாது. எந்த மருந்து கேட்கும் என்பதை அவர் உடம்பிலேயேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைத் தட்டில் பார்க்கும் நாள் வரவேண்டும் என்று இப்போதுதான் உண்மையாக ஆசைப்படுகிறேன். ஆராய்ச்சியில் பொய் இல்லை. பொய், நான் வெட்டிய இடத்தில் இருந்தது.

சென்ற கிழமை பஸ்ஸில் கபூர் கண்ணை மூடியபடியே கேட்டார்: “அந்த வெட்டின வரிகள் இன்னும் இருக்கா, சேர்?”

“இருக்கு.”

“அப்ப போடுங்க. என்னப்போல இன்னும் எத்தின பேர் பாத்துட்டு இருக்காங்களோ.”

நறுக்கென்ற முடிவு அல்ல. அப்படியே தருகிறேன்:

‘இது இன்னும் ஆராய்ச்சிதான். நம் ஆஸ்பத்திரிகளுக்கு வர எவ்வளவு காலமாகும் என்று தெரியாது. உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இந்த நோய் இருந்தால், இதற்காகக் காத்திருக்க வேண்டாம். வைத்தியர் குறித்த நாளில் போய்விடுங்கள்.’