ஆறு கதவு வச்ச ஹால்

புதுச் சாமான் வாங்கிக் கட்டுறவங்க சிமெண்டோட மட்டும் மல்லுக்கட்டினாப் போதும்; பழைய சாமானை வச்சுக் கட்டுறவ ஊரோட மல்லுக்கட்டணும். பாழாக் கிடக்கிற லைப்ரரி, பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் இதையெல்லாம், அச்சாபீஸுலயும் இடிச்ச வீட்டுலயும் கழிச்சுப் போட்டதை வச்சே உள்ள சரிபண்ணிக் குடுக்கிறது என் பொழைப்பு. நல்லது செய்யப் போயி வாங்கிக் கட்டிக்கிட்ட ஆளா நீங்களும்? அப்ப வாங்க, இங்கன உக்காருங்க. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர்ல நான் பட்ட பாட்டைச் சொல்றேன்.

பேரீச்சம்பழம் எங்க?

அந்த ஊர்ப் பொம்பளைகள்ல முக்காவாசிப் பேருக்கு வெடி கம்பெனியில வேலை. வேலை இல்லாத நாளுக்கு ஆகும்னு குழுவாச் சேர்ந்து ஆறு தையல் மிஷின் வாங்கிட்டாங்க. போட இடம் இல்லை. பூட்டிக் கிடந்த சமுதாயக்கூடத்தைக் கேட்டாங்க. பஞ்சாயத்துத் தலைவர் ஒரு கண்டிஷன் போட்டாரு. சரிபண்ணித் திறந்த ஒரு மாசத்துக்குள்ள குழு மொத்தமும் உள்ள உக்காந்து புழங்கணும். இல்லேன்னா அட்டைப்பெட்டி அடுக்குற குடோனா ஒரு கம்பெனிக்கு விட்டுருவாரு. அவங்களுக்கு இது போனா வேற இடம் கிடையாது. எனக்கும் அப்படித்தான், ஒரு ஹாலை முழுசா என்னை நம்பி விட்டது அதுதான் முதல் தடவை.

பழைய பலகை, அட்டைக்குழல், அலுமினியத் தகடுன்னு முதல் லோடோட வேன்ல போயி இறங்கினேன். பாதிகூட இறக்கலை, ஒரு அக்கா உடைஞ்ச குடம் ரெண்டு, ஓட்டை அண்டா ஒண்ணோட வந்து நின்னாங்க. குழுத் தலைவி முத்துலட்சுமி அக்கா அவங்கதான்னு அப்புறம்தான் தெரிஞ்சது. "நான் பழைய இரும்பு எடுக்க வரலைக்கா, உங்க ஹாலைச் சரிபண்ண வந்திருக்கேன்"னு சொன்னேன். வண்டியையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

"அது சரி தாயி, பேரீச்சம்பழம் இல்லேன்னா ஒரு பிளாஸ்டிக் வாளியாவது குடுங்க, வெறுங்கையோட எப்படித் திரும்பிப் போறது?"

சாமியும் ஸ்க்ரூவும்

ஹாலுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ். மத்தியானம் உள்ள நின்னா மண்டை வெந்துரும். சிவகாசி அச்சாபீஸுகள்ல அடிச்சு முடிச்ச ஆப்செட் தகடு மலைமலையாக் கிடக்கும். அதை வாங்கிக் கூரைக்குக் கீழ வரிசையா அடிச்சுட்டா சூடு தணிஞ்சுரும்னு என் கணக்கு. கூட வேலைக்கு வந்த மாரியப்பன் ஆசாரி முதல் தகட்டை எடுத்தாரு. காலண்டர் முருகன். கண்ணுல ஒத்திக் கீழ வச்சுட்டாரு. அடுத்தது லட்சுமி. அதுவும் கீழ. மூணாவது கம்பி மத்தாப்பு லேபிள். அதைச் சந்தோஷமா எடுத்து, நாலு மூலையிலயும் துளை போட்டு மாட்டினாரு. சாப்பாட்டு நேரத்துக்குக் கூரையில ஒரே ஒரு வரிசை மத்தாப்பு. சுவரோரம் முப்பத்து முக்கோடி தேவரும் சாஞ்சு நிக்கிறாங்க.

"சாமி மூஞ்சியில ஸ்க்ரூ போட என் கை வராதும்மா"ன்னாரு. கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒண்ணும் நடக்கலை. கடைசியா, படம் மேல பார்த்து இருக்கட்டும், ஓரத்துல மட்டும் துளை போடுங்கன்னேன். ஒரு தகட்டை எடுத்துத் திருப்பிப் பிடிச்சுப் பார்த்தாரு.

"அதுவும் நல்லதுதான். கூரை ஒழுகினா மொதல்ல அவுக தலையிலதான விழும், அவுகளே பார்த்துக்கிருவாக!"

மரத்தடி ஹவுஸ்ஃபுல்

பொங்கல் வச்சு ஹாலைத் திறந்தோம். தகடு பளபளங்குது, தரையில விதவிதமான உடைஞ்ச டைல்ஸ், உள்ள குளுகுளுன்னு காத்து. எனக்குத் தலைகால் புரியலை. ஞாயித்துக்கிழமை குழுவுல உள்ள முப்பது பேரும் வந்தாங்க. முத்துலட்சுமி அக்காவும் மூணு பேரும் உள்ள போயி உக்காந்தாங்க. அஞ்சாவது ஆள் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு, "இங்கனயே இருக்கேன்க்கா"ன்னு வேப்பமரத்தடிக்குப் போயிட்டா. பின்னாலயே மத்த அத்தனை பேரும். அடுத்த வாரமும் அதே கதை. பெயிண்ட் வாடையோன்னு சாம்பிராணி போட்டேன். டைல்ஸ் வழுக்குதோன்னு தேய்ச்சுக் கழுவினேன். என் ஜாதகத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

மூணாவது வாரம் தலைவர் பைக்கை நிறுத்திட்டு உள்ள பார்த்தாரு, நாலு பேர். மரத்தடியைப் பார்த்தாரு, திருவிழாக் கூட்டம்.

"ஹால் நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா மரம் அதைவிட நல்லா இருக்கு போல! இன்னும் பத்து நாள்தான், அப்புறம் அட்டைப்பெட்டி வந்து இறங்கிரும்."

முதுகு கூசுது

அன்னைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முத்துலட்சுமி அக்காவைப் பிடிச்சு, "எம்புட்டு ஆசையாச் செஞ்சேன், என்னக்கா குறை? சொல்லித் தொலைங்களேன்"னு கத்திட்டேன். அவங்களுக்கும் தெரியலை. "உள்ள கூட்டமா உக்காந்தா முதுகு கூசுது தாயி"ன்னாங்க. பேசிக்கிட்டே நாலு சுவரையும் ஒரு சுத்துப் பார்த்தாங்க. அப்பத்தான் அவங்களுக்கே பிடிபட்டுச்சு.

வெடி கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். எந்தப் பக்கம் உக்காந்தாலும் பக்கத்துல ஒரு கதவு, வெளிய தள்ளினாத் திறக்கிற கதவு. ஏதாச்சும் ஒண்ணுன்னா யோசிக்கவே கூடாது, ஓடணும். அவங்க மதினி ஒரு தடவை அப்படி ஓடித்தான் பிழைச்சிருக்காங்க. இங்க இருக்கிறது ஒரே வாசல், அதுவும் உள்பக்கம் திறக்குறது. பின்வாசல்னு ஒண்ணு இருந்துச்சு. அதை மறைச்சு அட்டைக்குழல்லயே ஒரு புத்தக அலமாரி செஞ்சு, நாலு கோணத்துல போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பின மகராசி நான்தான். வெட்கத்துல எனக்கு அழுகையே வந்துருச்சு. அக்கா என் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க.

"தையல் மிஷின் வெடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா தாயி? இந்தக் காலுக்குத் தெரிய மாட்டேங்குதே, என்ன செய்ய?"

கதவு வேட்டை

அலமாரியை என் கையாலேயே பிரிச்சேன். பின்வாசல் வந்துச்சு. பக்கச் சுவர்ல பக்கத்துக்கு ரெண்டு வாசல் உடைக்கணும், நாலு கதவு வேணும், கையில இருக்கிறது பத்து நாள். சாத்தூர்ல இடிச்ச ஒரு வீட்டுல ரெண்டு கிடைச்சுது. மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸுல ஒண்ணு. நாலாவதுக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கும்போது, முத்துலட்சுமி அக்காவும் இன்னும் மூணு பேரும் ஒரு கதவைத் தலையில தூக்கிட்டு வந்தாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்காரர் போன்ல கத்துறது எனக்கே கேட்டுச்சு, ஆட்டுக்கொட்டத்துக் கதவைக் காணோமாம்.

ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம், ஒண்ணுல கிளி செதுக்கியிருக்கு, ஆட்டுக்கொட்டத்துக் கதவு ஒரு சாண் குட்டை. ஆசாரி அதுக்குக் கீழ பலகை ஒட்டுப் போட்டு, ஆறு கதவையும் வெளிய பார்த்துத் திறக்கிற மாதிரி மாட்டினாரு. தலைவர் வந்து ஹாலை ஒரு சுத்து சுத்திட்டு இடுப்புல கை வச்சு நின்னாரு.

"ஏம்மா, சமுதாயக்கூடம் கேட்டீகளா, கதவுக்கடை கேட்டீகளா?"

ஓடுங்கடி!

கெடு முடியிற நாள். முப்பது பேரும் உள்ள வந்தாங்க. ஆனா ஒருத்தரும் உக்காரலை. திடீர்னு முத்துலட்சுமி அக்கா "ஓடுங்கடி!"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க. கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள ஹால் காலி. வெளிய நின்னுக்கிட்டு ஒருத்தியை ஒருத்தி பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. "இன்னொருக்கா!"ன்னு ஒருத்தி. மூணு தடவை ஓடினாங்க. அப்புறம் மூச்சு வாங்க உள்ள வந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு முப்பது பேரும் உக்காந்தாங்க. ஆறு மிஷினும் ஒண்ணா ஓட ஆரம்பிச்சுது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்துச்சு.

தலைவருக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. இது ஒரு நாள் கூத்தா இருந்தா என்ன செய்யன்னு அட்டைப்பெட்டி கம்பெனி மேனேஜரையும் கூட்டிட்டு வந்திருந்தாரு. மேனேஜர் பச்சைக் கதவைத் தள்ளிப் பார்த்தாரு, கிளிக் கதவைத் தள்ளிப் பார்த்தாரு, ஆறையும் எண்ணிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினாரு.

"எங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி, இங்கன ஒரு பெட்டியை வச்சா அதுக்கு ஆறு பூட்டும் ஆறு வாட்ச்மேனும் போடணும்!"

இப்போ சுத்துப்பட்டி ஊர்ல இருந்தெல்லாம் என்னைக் கூப்பிடுறாங்க, ஆனா என் அலமாரியைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடுறதில்லை, எத்தனை கதவு வைப்பீகன்னுதான் கேக்கிறாங்க.