இரண்டாவது திரை

"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு ஸ்கிரீன்?" என்று நான் கத்தியதில் தொடங்கிய சண்டை அது. மகள், கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டை விட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துப் போய்விட்டாள். எட்டு மாதமாகப் பேச்சில்லை. அவள் விட்டுப்போன லினக்ஸ் கணினியில் நான் கேபிளைக் கழற்றி மாட்டியதிலிருந்து இரண்டாவது திரை இருண்டே கிடந்தது. அதையே சாக்காக வைத்து அவளை அழைத்தேன்.

"எல், எஸ், பி, சி, ஐ. டைப் பண்ணுங்க லா. உள்ள என்னென்ன பாகம் இருக்குன்னு காட்டும். விஜிஏன்னு வர்ற வரிய மட்டும் வாசிங்க."

வாசித்தேன்.

"கிராபிக்ஸ் கார்டு தனியா இருக்குப்பா. கேபிள தப்பான இடத்துல சொருகியிருக்கீங்க. கீழ இருக்கறதுல மாத்துங்க."

மாற்றினேன். திரை ஒளிர்ந்தது. வேலை முடிந்தால் பேச்சும் முடிந்துவிடுமே என்று பயம் வந்தது.

"இன்னும் இருட்டாத்தான் இருக்கும்மா."

"அப்படியா? எக்ஸ்ரேண்டர்னு அடிச்சு, வர்றத அப்படியே வாசிங்க."

வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு திரையும் ஓடுகிறது என்று கணினி காட்டியதை என் வாயாலேயே சொல்லிவிட்டேன்.

 அழைப்பைத் துண்டித்துவிடுவாளோ என்று கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சரிப்பா," என்றாள் மெதுவாக. "மறுபடி முதல்லேர்ந்து பாப்போம். எல், எஸ்..."

ஒளிரும் இரண்டு திரைகளின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். அவளுக்கு இரண்டு திரை எதற்கு என்று அன்று கத்தாமல் கேட்டிருக்கலாம்.