கடல் கொண்டவனின் மனைவி

என் அக்காவின் முகத்தைப் பார்க்க நாங்கள் ஒரு கூட்டமாகக் கிளம்பிப் போனோம். முகம் என்றால் நிஜமாகவே முகம்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு சிற்பி அம்மாள் ஏரிக்கு அக்கரையில், பசியாவரத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்து இறால் தொக்கு சாப்பிட்டாள். அப்புறம் அக்காவின் பொட்டை எடுக்கச் சொல்லி, முகம் முழுக்க எண்ணெய் தடவி, மாவுக்கட்டு மாவைக் குழைத்துப் பூசி அச்சு எடுத்துக்கொண்டு போனாள். அதை வைத்து ஆளுயரச் சிலை செய்துவிட்டதாகவும், பழவேற்காட்டில் நடக்கிற கலை, கைவினைத் திருவிழாவில் அதைத்தான் நடுவில் நிறுத்தப் போவதாகவும் பிறகு போன் செய்தாள்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பிள்ளை இல்லை. மாமா தொழிலுக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வரக்கூடாது என்பது அவள் மாமியார் போட்ட சட்டம். வலையும் சோற்றுத்தூக்கும் மாமியார் கையால்தான் படகுக்குப் போகும். அக்கா அடுப்படியிலேயே நிற்க வேண்டும். "ராசியில்லாத மூஞ்சி" என்று கிழவி அவள் காதுபடவே சொல்வாள். கட்டினவரும் அதைக் கேட்டுக்கொண்டு பீடி பிடிப்பார். அந்த மூஞ்சியைச் சிலையாகச் செய்து ஊரைக் கூட்டிக் காட்டப்போகிறார்கள் என்றால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்? இனிமேலாவது கிழவியின் வாய் அடங்கும் என்று நம்பினாள். நானும் நம்பினேன். அதற்காகவே அனுப்பம்பட்டிலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன்.

அக்கா, மாமா, மாமியார், நான், மாமாவோடு ஒரே படகில் போகிற இரண்டு பேர். அக்கா கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். பூ கொஞ்சம் அதிகம்தான்.

திருவிழா எனக்கு வாசலிலேயே பிடிக்காமல் போயிற்று. கிழிந்த வலைகளை அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் வீடுகளில் அதற்குக் குப்பை என்று பேர். உள்ளே சுவர் நிறையப் பூநாரை ஓவியங்கள். ஏரியை வரைந்தவர்களில் ஒருவருக்கும் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவுகிற பெண்கள் கண்ணில் படவில்லை. ஓலைக்கூடை விற்கிற கடைகளில் கூட்டம். வரவேற்பு மேஜையில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. அது ஒன்றுதான் நம்ம ஊர் மாதிரி இருந்தது.

சிலை நடுக்கூடத்தில் நின்றது. வெள்ளை வெளேரென்று, கண்ணை மூடிக்கொண்டு. அச்சு எடுக்கும்போது அக்கா கண்ணை மூடியிருந்தாள் அல்லவா, அதை அப்படியே விட்டிருந்தார்கள். நெற்றியிலும் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. எனக்குத் திக்கென்றது. அக்காவோ, "என் மூக்குடி, அப்படியே என் மூக்கு" என்று என் கையைக் கிள்ளினாள்.

கீழே ஓர் அட்டையில் பெயர் எழுதியிருந்தது. மாமா அஞ்சாவது வரைக்கும் படித்தவர். எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

"கடல்... கொண்ட... வனின்... மனைவி." நிமிர்ந்தார். முகமெல்லாம் பல். "டேய், கடலையே கொண்டவனாம்டா நானு! எழுதிக்கிறாங்க பாரு!"

"அப்போ கூட வர்ற நாங்க இன்னா, நண்டு பொறுக்கவா வர்றோம்?" என்றார் கூட்டாளி ஒருவர். இன்னொருவர் விசிலடித்தார். கிழவிகூட மகனைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம், எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக, அக்காவைப் பார்த்தும் சிரித்தாள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கடல் கொண்டுபோனவன். மாமாவின் கையைப் பிடித்து, "வா மாமா, கூடைங்க பாக்கலாம்" என்று இழுத்தேன். அவர் அட்டையோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நகர மறுத்தார்.

அதற்குள் சிற்பி அம்மாள் மைக்கும் விருந்தாளிகளுமாக வந்துவிட்டாள். "இவள் கணவன் கடலுக்குப் போனான். திரும்பவில்லை. இந்த வெறும் நெற்றியைப் பாருங்கள், இந்த வெறும் கழுத்தைப் பாருங்கள்" என்றாள். நல்ல குரல். நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அக்காவைத் தோளோடு அணைத்து முன்னால் கொண்டுவந்து, "இந்த முகத்தைக் கொடுத்தது இவங்கதான்" என்றாள். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, பட்டும் பூவுமாக நிற்கிற என் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்கம்மா" என்றார்.

"நான்தாங்க அவ வூட்டுக்காரன்" என்றார் மாமா.

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அட்டையை மறுபடி பார்த்தார். கூட்டாளிகள் அவரிடமிருந்து ஓரடி தள்ளி நின்றதை நான் பார்த்தேன். பாவிகள், ஒரே சோற்றுத்தூக்கில் சாப்பிட்டவர்கள்.

கிழவி ஓட்டமாக ஓடி வரவேற்பு மேஜையிலிருந்த குங்குமக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். தாலி அறுத்த தான் வைக்கக் கூடாதே என்று அக்காவின் கையில் திணித்தாள். "வைடீ. வைடீ மொதல்ல! எம் புள்ள நிக்கிறான்டீ!"

அக்கா சிலையிலிருந்த தன் முகத்துக்கே பொட்டு வைத்தாள். அவசரத்தில் பெரிதாகவே விழுந்தது. யாரோ கை தட்டினார்கள். போனில் படம் பிடித்த ஒரு பெண், "அக்கா, போட்டோ சரியா விழல. இன்னொரு வாட்டி வைங்களேன்" என்றாள். அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். இன்றுவரை அந்தக் கை எனக்கு அரிக்கிறது.

சிற்பி அம்மாளுக்குக் கோபம் வந்ததாகச் சொல்ல முடியாது. "ஐயோ, கறை ஊறிடும்" என்றுதான் பதறினாள். உதவியாளனைக் கூப்பிட்டாள். அவன் துணியால் துடைத்தான். சிவப்பு போகவில்லை, நெற்றி முழுக்கப் பரவியது. உடனே உப்புத்தாள் எடுத்து வந்து தேய்த்தான். சரக் சரக் என்று நெற்றி வெளுக்கிற வரைக்கும் தேய்த்தான். எங்கள் ஊரில் பொட்டை அழிக்கிற சடங்கை ஆம்பிளைகள் நின்று பார்ப்பதில்லை. மாமா நின்று பார்த்தார். எனக்கு இந்தச் சகுனத்தில் எல்லாம் துளி நம்பிக்கை இல்லை. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அத நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்று அக்கா கெஞ்சினாள். "அவரு உசுரோட கீறாருமா. தோ, நிக்கிறாரு பாருங்க."

"இது நீங்க இல்லம்மா, இது ஆர்ட்" என்றாள் சிற்பி அம்மாள், அவள் கன்னத்தைத் தடவிக்கொடுத்து.

கிழவி அங்கே கத்தவில்லை. படகில் திரும்பும்போது, அத்தனை பேர் முன்னால், அமைதியாகச் சொன்னாள்: "மாவு பூச வந்தப்போ பொட்ட யாரு எடுத்தா? நீயாத்தானே எடுத்த?" அக்காதான் எடுத்திருந்தாள். பொட்டோடு அச்சு எடுக்க முடியுமா என்று நான் சண்டைக்குப் போனேன். கரை வரும்வரை யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வாரம் படகு மாமா இல்லாமல் கடலுக்குப் போனது. "கொஞ்ச நாளு போவட்டும்பா" என்று கூட்டாளிகள் வீட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாளே. ஒரு நாள் மாமா ஊரெல்லாம் சுற்றிவிட்டு மத்தியானம் வந்து உட்கார்ந்தார். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். அக்கா தட்டு வைத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள்.

மாமா தட்டைத் தள்ளினார்.

"ஒன் புருசன்தான் கடலோட போயிட்டான்னு எழுதி மாட்டிட்டாங்களே. யாருக்குடீ சோறு போடுற?"