தாடையில் கட்டிய கம்பி

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று சேரவில்லை. எனக்குத் தெரிந்த முதல் அறிகுறி அதுதான். வலி அப்புறம்தான் வந்தது. வாய்க்கால் கரையில் குப்புறக் கிடந்தபடி வாயை மூடிப் பார்த்தேன். தாடையின் இடது பாதி ஒரு பக்கமும் வலது பாதி இன்னொரு பக்கமுமாக நகர்ந்தது. உடைந்த பல் மண்ணோடு சேர்ந்து நாக்கில் உருண்டது. "சிவசிவா" என்று சொல்லப் பார்த்தேன். ரத்தம்தான் வந்தது.

தாடை உடைந்து கிடப்பவர்களும், அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுபவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவனில்லை. கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் வேலை. விடியலில் குளித்து, ஒரு பதிகமாவது வாய்விட்டுப் பாடாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன்.

அப்போது கழக ஆட்சி வந்த புதிது. கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் மன்றம் வைத்திருந்தோம். வருஷத்தில் ஒரு ஞாயிறு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கிராமங்கள் வழியாக ஏதாவது ஒரு கோயில்வரை மிதித்துப் போய் வருவோம். அந்தத் தையில் திருவாரூர்ப் பக்கம் போனோம். அறுவடைக் காலம். ஊருக்கு ஊர் கூலித் தகராறு. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார்கள். உள்ளூர்த் தொழிலாளிகள் வயலில் செங்கொடி நட்டு மறித்தார்கள். கொடி நட்ட வயலில் யாரும் அரிவாள் வைக்கக் கூடாது. நாங்கள் போன வழியில் ஒரு ஊரில், முந்தின நாள்தான் மிராசுதாரின் அடியாட்கள் தொழிலாளிகள் தெருவில் புகுந்து பெண்களைக்கூட அடித்திருந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது.

எங்கள் செயலாளர் கோவிந்தராசு, ஜவுளிக்கடைக்காரர். நல்ல மனிதர், ஆனால் டவுன் மனிதர். பின்னால் வருகிறவர்கள் திருப்பத்தில் வழி தவறக் கூடாதே என்று, அந்த ஊர் வரப்பில் நின்ற செங்கொடியைப் பிடுங்கி ரோட்டில் நின்று ஆட்டினார்.

"அண்ணே, அது யாரு வச்ச கொடியோ. இருந்த எடத்துலயே வச்சிருங்க" என்றேன்.

"கொடிதானேய்யா? கடைசி ஆளு வந்ததும் சொருகிட்டாப் போச்சு. ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்."

எனக்கு மனசு கேட்கவில்லை. அவரிடமிருந்து கொடியை வாங்கிக்கொண்டு வரப்பில் இறங்கினேன். கதிருக்குள்ளிருந்து ஆட்கள் எழுந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ரோட்டில் வரிசையாகச் சைக்கிள், வெயிலுக்குத் தலையில் துண்டு, கேரியரில் சோற்று மூட்டை. அறுப்புக்கு இறக்கும் வெளியாட்கள் வருகிற கோலமே அதுதான். அதில் ஒருவன் கையில் அவர்கள் கொடி.

"கொடியப் புடுங்கிட்டானுவடா!"

"இல்லைங்க, நட்டு வைக்கத்தான்..." என்றேன். முடிக்கவில்லை. மாட்டுவண்டியின் ஓரத்தில் செருகும் முளைக்குச்சி தாடையில் விழுந்தது. விழுந்தவன் தோளில் இன்னொன்று. கோவிந்தராசுவின் மண்டை பிளந்தது. சைக்கிள்களைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார்கள். சோற்று மூட்டை காலடியில் நசுங்கியது. கடைசியில் ஒரு பெண்பிள்ளைதான் குறுக்கே விழுந்து கத்தினாள்: "அடிக்காதீங்கடா பாவிகளா! நெத்தியில துன்னூத்துப் பட்டையப் பாருங்க. கோயிலுக்குப் போற டவுனு ஆளுவடா இவுங்க!" அடித்த கைகளே என்னைத் தூக்கி வண்டியில் போட்டன.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மாண்டிபிள் (கீழ்த்தாடை எலும்பு) முன்னால் ஒரு இடத்திலும் காதுக்குக் கீழே ஒரு இடத்திலும் முறிந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் முறுக்கி வாயைப் பூட்டினார்கள். எலும்பு கூடும்வரை கடைவாய் இடுக்கில் ரப்பர் குழாய் விட்டுக் கஞ்சிதான்.

டாக்டர் என் மனைவி மங்களத்திடம் கம்பி வெட்டும் குறடு ஒன்றைக் கொடுத்தார். "வாந்தி வந்தா வெளிய போக வழியில்லம்மா, மூச்சுக்குழாய்ல எறங்கிடும். யாரையும் கூப்பிட்டுக்கிட்டு நிக்காதீங்க. நீங்களே வெட்டிடணும்."

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஆட்களை நிறுத்திக் காட்டுகிறோம், தலையை ஆட்டினால் போதும் என்றார். நான் கையை விரித்தேன். நான் கண்டது கழியை, முகத்தைக் காணவில்லை. ஆனாலும் என் பேரைச் சொல்லிப் போலீஸ்காரர்கள் அந்தத் தொழிலாளிகள் தெருவில் யார் யாரையோ அடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் ஒரு மத்தியானம் வயிறு புரட்டியது. குடித்த கஞ்சி பூட்டிய பல்லில் மோதித் திரும்பியது, மூக்கில் ஏறியது. கண் இருட்டியது. மங்களம் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, உதட்டைப் பிய்த்து விலக்கிக் கம்பியை வெட்டினாள். உதடும் சேர்ந்து வெட்டுப்பட்டது. இன்னும் எலும்பு கூடாத தாடை தொங்கி விழுந்த வலி, முளைக்குச்சி அடியைவிடப் பெரிது. மூச்சு வந்தது. அவள் சேலையெல்லாம் என் ரத்தம்.

மறுபடி கட்டினார்கள். அதற்குள் ஆஸ்டியோமைலிடிஸ் (எலும்பில் சீழ் பிடித்தல்) வந்துவிட்டது. கீறிச் சீழ் எடுத்தார்கள். "எலும்பு கூடும், ஆனா கோணலாத்தான் கூடும். வாய் எவ்வளவு தொறக்கும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இனிப் பதிகம் உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கத்தான் முடியவில்லையே.

கம்பியை எடுத்த அன்று ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. பல் இடுக்கில் தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நெம்ப வேண்டும். அழுதுகொண்டே செய்தேன். நீங்களும் அழுதுகொண்டே செய்யுங்கள், விட்டுவிடாதீர்கள். எலும்பு இறுகிப்போனால் யாராலும் திறக்க முடியாது.

ஒரு காலையில் விளக்கு முன்னால் நின்று பாடிப் பார்த்தேன்.

"என்ன பாட்டுங்க இது? ஒரு வார்த்தை வெளங்கல" என்றாள் மங்களம்.

"சாமிக்கு வெளங்கும்."

"அவருக்கு வேற வேலையில்லயாக்கும். மெதுவா, இன்னொரு தடவை பாடுங்க."

பாடினேன். இன்றைக்கும் பாடுகிறேன். முன்பெல்லாம் பதிகம் என் வாய்வழியே தானாக ஓடிவிடும். மனசு கடையில் இருக்கும். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தாடை திறக்க வேண்டும். காதுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் அடுத்த சொல். ஒரு பாட்டு முடிவதற்குள் முற்றத்துக்கு வெயில் வந்துவிடுகிறது. உங்களுக்கும் அந்தச் சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். அது ஓயட்டும், பிறகு மேலே போங்கள்.