அக்காவைச் சத்தமில்லாமல் அனுப்பியது ஏன்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அன்று இறுதிச் சடங்குக்காகக் கொள்ளிடப் படுகைக்கு வந்த உறவினர்கள் பலருக்கு என்மேல் மனவருத்தம் உண்டு. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது குமராட்சிப் பக்கம். நடவுக்குப் போய்க்கொண்டே பத்தாவது வரை படித்தார். மாமாவைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். மாமா ஆட்டோ ஓட்டினார். அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்தார். ஒரே மகன் கார்த்தி. அவனுக்குப் பேச்சு வரவில்லை. குக்கர் விசிலுக்கே அலறுவான். அந்த அலறலைச் சொல்லியே ஒவ்வொரு வீட்டுக்காரரும் காலி செய்யச் சொன்னார்கள். தெருவில் ஒரு சாவு மேளம் போன அன்று, அவன் சுவரில் முட்டிக்கொண்டதில் தலையில் ரத்தம் வந்துவிட்டது. அந்த வாரமே அக்கா சென்னையை விட்டுப் போக முடிவெடுத்தார்.

மாமாவின் பூர்வீக நிலம் கொள்ளிடப் படுகையில் கிடந்தது. ஆற்றுக்கும் வெள்ளத்தடுப்புக் கரைக்கும் நடுவில், நாணலும் கருவேலமும் மண்டிய காடு. கரண்டு இல்லை, பாதை இல்லை. வெள்ளம் வந்தால் முழுகிவிடும். ஆற்றில் முதலை வேறு. நான் தடுத்துப் பார்த்தேன்.

"முதலையோடயா அக்கா குடித்தனம் பண்ணப் போற?"

"அது வந்து வூட்ட காலி பண்ணுன்னு சொல்லப் போவுதா? போடா!"

மாமா சிரித்தார். "மச்சான், ஒங்க அக்கா மொதலையவே காலி பண்ண வெச்சிடுவா."

கருவேலத்தை வேரோடு பிடுங்கி, மேட்டில் கூரை போட்டு, ஆடு வளர்த்தார்கள். கத்தரி, வெண்டை வைத்தார்கள். வெள்ளம் கூரையைக் கொண்டுபோனபோது, தண்ணீர் வடிந்ததும் திரும்பிப் போய்க் கட்டினார்கள். கார்த்தி அங்கே அலறவில்லை. ஆடுகளோடு நடந்தான். நன்றாகத் தூங்கினான்.

புற்றுநோய் முற்றிச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மேளம், வெடி, ஒப்பாரி ஒண்ணும் வாணாம்டா. எம்புள்ள எனக்குக் கொள்ளி வெக்கணும். சத்தம் கேட்டா ஓடிடுவான். ஆத்துல எறங்கிட்டான்னா?"

அக்காவை எடுக்கும் அன்று பெரியப்பா மேளக்காரர்களோடு வந்தார். நான் வேண்டாம் என்றதும் கொதித்துவிட்டார். "ஏண்டா, எம்பொண்ணு என்னா அனாதையா? ஒரு மேளம் வெக்க ஒனக்கு வக்கில்லையா?"

மாமாதான் கார்த்தியைக் காட்டி, அக்கா கேட்டதைச் சொன்னார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு அவரே வாசலுக்குப் போய், "யாரும் வாயத் தொறக்காதீங்க. புள்ள நடக்கணும்" என்றார்.

கார்த்தி கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்தான். ஓடவில்லை. மாமா காட்டிய இடத்தில் தீ வைத்தான். இருவரும் இன்றும் படுகையில்தான் இருக்கிறார்கள்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், சோறாக்கிக் கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மேளத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டு, சேற்றில் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் நன்றி. மாரடித்து அழ வந்த பெண்களே, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். எங்கள் அக்காவுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்திருக்க முடியாது.