ஓடுகிற பழுது

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் ரயில் நிலைய பெஞ்சில் என் பக்கத்தில், இங்கேயே பிறந்த ஓர் இலங்கை மன்னார்க் குடும்பத்துப் பெண் பரீட்சைக்கு ரோமானியச் சட்டம் படிக்கிறாள். ஹோட்டல் சமையலறை வேலை முடித்து வந்த அவளுடைய அப்பா ஆரஞ்சு உரிக்கிறார்.

என்ன பாடம் என்று கேட்கிறேன்.

"அடிமை வியாபாரம், அங்கிள். தப்பி ஓடுற ஆள் எண்டால் விக்கிறவன் முதலே சொல்லோணும். மறைச்சால், வாங்கினவன் வழக்குப் போட்டு விற்பனையை ரத்துச் செய்யலாம். ஓடுறது பழுதாம்."

"மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோலவா?" எனக்கு எரிச்சல் வருகிறது.

"ஓம், மாட்டுக்கும் கிட்டத்தட்ட இதே சட்டம்தான்." அவள் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். "எங்கடை அப்பாவை ஆரும் வாங்கியிருக்க மாட்டினம். ஆமி பிடிச்சு வைச்ச முகாமிலையிருந்து மூண்டு தரம் ஓடினவர்."

அவர் கை நிற்கிறது.

"நாலு தரம், பிள்ளை," என்று திருத்திவிட்டு, எனக்கும் இரண்டு சுளை நீட்டுகிறார்.