எண்பது இடது கை

ஒரு சட்டைக்கு இடது கை ஒன்று, வலது கை ஒன்று. பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டி விரல் காய்த்துப்போன நம்ம மாஸ்டரம்மா, ஒரு திங்கட்கிழமை காலையில் நாற்பது நர்ஸ் சட்டைக்கு எண்பது கை வெட்டினாள். எண்பதும் இடது கை!

அவள் வேலை செய்வது யூனிஃபார்ம் தைக்கிற இடம். நீள மேஜையில் துணியை நாற்பது அடுக்காகப் பரப்ப வேண்டும், எல்லாமே நல்ல பக்கம் மேலே. மேல் துணியில் அளவுக்கு வெட்டிய அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, மெஷினை ஓட்டினால் நாற்பதும் ஒரே வெட்டில் வந்துவிடும். கைக்கு அட்டை ஒன்றுதான். ஒரு தரம் வரைந்துவிட்டு, அதையே புரட்டிப் போட்டு இன்னொரு தரம் வரைந்தால் வலது கை. அன்றைக்குப் புரட்டவில்லை மகராசி.

"மாஸ்டரம்மா, இந்த நர்ஸுங்களுக்கு ரெண்டுமே இடது கைதானா?" என்று தையல்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும், போங்கடி வேலையைப் பாருங்க" என்று இவளும் சிரித்தாள். முதலாளியம்மாகூட ஒரு வார்த்தை திட்டாமல் வேறு துணி எடுத்துக் கொடுத்தாள். ஆனால் மாஸ்டரம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

இது முதல் தடவை இல்லையே! ஆறு மாசமாக இதே கூத்துதான். காய் நறுக்க உட்காருவாள், பாதியில் துணி மடிக்கப் போவாள், அங்கிருந்து விளக்குமாற்றோடு வருவாள். சாயங்காலம் பார்த்தால் காய் பாதி, துணி பாதி, வீடு பாதி. வேலையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏதாவது கேட்டால் போச்சு, எரிந்து விழுவாள். வெட்டுகிற வேலையே வரிசை தப்ப ஆரம்பித்ததும், யாருக்கும் தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள்வாள்: பரப்பு, அள, வரை, புரட்டு, வரை, வெட்டு. முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்துக்கொள்வாள். அந்தத் திங்கட்கிழமை டீ குடித்துவிட்டுக் கை கழுவியபோது 'புரட்டு' அழிந்துபோயிருந்தது. அவ்வளவுதான் கதை.

சரி, இதற்கா இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். அவளுடைய அக்காவைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். ஒரு விடுதியில் நானூறு பிள்ளைகளுக்குச் சமையல் பொறுப்பைத் தனியாளாகப் பார்த்தவள் அந்த அக்கா. அறுபது வயசில், ஒரு டீ போடத் தெரியாமல் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றாள். மறதி நோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது அடுத்த தெருவில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாஸ்டரம்மா அங்கே போய் நாலு மாசம் ஆகிறது. கேட்டால் வேலை என்பாள். வேலையாவது மண்ணாவது! பயம், வெறும் பயம்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது? அன்று மாலை அவள் பாத்திரம் கழுவும்போது ரவிக்கைக் கை மேலே ஏறிவிட்டது. பஸ் ஓட்டிவிட்டு வந்து நின்ற புருஷன் பார்த்துவிட்டார்.

"இது என்னம்மா, பச்சை குத்திக்கிட்டியா?"

அவ்வளவுதான், உடைந்துபோனாள். "எனக்கும் அக்கா மாதிரி ஆகுதுங்க. என்னை எங்கேயும் விட்டுடாதீங்க."

"அட பைத்தியமே! இதைப் போய் ஆறு மாசமா தனியா சுமந்தியா?" என்றார். மறுநாளே லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்று, அ, இரண்டு, ஆ என்று மாற்றி மாற்றிக் கோட்டால் சேர்க்க வேண்டும். மூன்றிலிருந்து 'இ'க்குப் போகாமல் நாலுக்குப் போய்விட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று பேனாவைக் கீழே வைத்தாள். டாக்டரோ வேறெதையோ கேட்டார்: "தூக்கம் எப்படிம்மா?"

"அதுக்கென்ன, படுத்தா பொணம் மாதிரி தூங்குவேன். ஆனா காலையில எழுந்தா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்."

புருஷன் தொண்டையைக் கனைத்தார். "டாக்டர், இவ தப்பா நினைக்கக் கூடாது. இவ குறட்டை இருக்கே, டீசல் வண்டி தோத்துடும். நடுவுல திடீர்னு மூச்சே நின்னுடும், அப்புறம் திணறிக்கிட்டு வரும்."

"முன் ரூம்ல ஃபேன் நல்லா வருதுன்னு நீங்க அங்கே படுத்தது..."

"ஃபேனும் இல்ல ஒண்ணும் இல்ல. உன் மனசு நோகுமேன்னு சொன்னேன்."

"நல்லா இருக்கு நீங்க பாத்த மனசு!" என்று டாக்டர் முன்னாலேயே ஒரு முறை முறைத்தாள்.

தூங்கும்போது சோதித்துப் பார்த்தார்கள். மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறதாம். ரத்தமும் பார்த்தார்கள், தலையையும் படம் எடுத்தார்கள். "மறதி நோய்னு சொல்ல இதுல ஒண்ணும் இல்லம்மா. மூளைக்கு ஓய்வே கிடைக்கல. ஒரு வேலையை வரிசையா செய்யற திறமைதான் அதுல முதல்ல அடிபடும். மூச்சுக்கு மெஷின் தரேன், மூணு மாசம் கழிச்சு மறுபடி அதே தாளைப் போடலாம்" என்றார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆஸ்பத்திரி வாசலில் நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

தும்பிக்கை மாதிரிக் குழாய் தொங்கும் அந்த மெஷின் முகமூடியை அவள் போட்ட முதல் வாரம், "யானை கூடப் படுத்த மாதிரி இருக்கு" என்றார் புருஷன். ஆனால் உள் ரூமுக்கே படுக்கையைக் கொண்டுவந்துவிட்டார். மூன்று மாசம் கழித்து அதே தாளில் கோடு மளமளவென்று ஓடியது. மணிக்கட்டும் வெறுமையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா அடுக்களையில் பால் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். பிடுங்கி வைத்துவிட்டுத் தானே போட்டுக் கொடுத்திருக்கலாம். மணிக்கட்டில் எழுதிய வரிசை ஞாபகம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, பாலை அடுப்புல வை." வைத்தாள். "பத்த வை." பற்ற வைத்தாள். "தூளைப் போடு. பொங்குது பாரு, இறக்கு. வடிகட்டு." ஒவ்வொன்றையும் அந்தக் கை தடங்கலில்லாமல் செய்தது. நானூறு பேருக்குச் சமைத்த கை ஆயிற்றே!

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்கள். அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"ஏண்டி, சர்க்கரை போடச் சொல்லவே இல்லையே நீ!"

"ஐயையோ, மறந்தே போயிட்டேன்க்கா!" என்றாள் மாஸ்டரம்மா. சொன்ன பிறகுதான் கவனித்தாள், வயிற்றில் ஒன்றும் கரையவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ புடவையெல்லாம் சிந்தியது. சர்க்கரை டப்பாவை எடுக்க அக்காவே எழுந்து போனாள்.